பனிமலைக்குப் போகாத பலகைகள்

சென்ற ஆடி மாதத்துச் சனிக்கிழமையொன்றில், என் சட்டைகளை அழுத்துவதற்கென வாங்கிய இஸ்திரிப் பெட்டியால் என் மகள் நளாயினி இரண்டு நீண்ட பலகைகளை அழுத்திக்கொண்டிருந்தாள். சிட்னியின் மேற்கே, பிளாக்டவுனில், எங்கள் வீட்டின் பின்புறத்து உடுப்புத் தோய்க்கும் அறையில் இரு கதிரைகளின் மேல் அந்தப் பலகைகள் மல்லாந்து கிடந்தன. சூடேறிய பெட்டியின் அடியில் அவள் ஒரு மெழுகுக் கட்டியைப் பிடிக்க, அது உருகிச் சொட்டுச் சொட்டாகப் பலகையில் விழுந்தது. பின்னர் அதே பெட்டியால் நீளவாக்கில் தேய்த்தாள். ஆறியதும், பாடுபட்டுப் பூசிய மெழுகை ஒரு தகட்டால் முழுவதும் சுரண்டத் தொடங்கினாள். சுரண்டுவதற்காகவா இவ்வளவு நேரம் பூசினாய் என்று கேட்டேன். "உள்ளுக்குப் போனது காணும் அப்பா. வெளியில நிக்கிறது ஸ்லோ ஆக்கிப்போடும்" என்றாள், தலை நிமிராமலே. முந்திய கிழமை என் வெள்ளைச் சட்டையின் முதுகில் ஒரு மெழுகுக் கறையுடன் நான் கந்தோருக்குப் போய் வந்ததை அவள் அறியமாட்டாள்.

ஊரில் இருக்கும் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். இங்கே ஆடி குளிர்காலம். சிட்னியில் பனி பெய்வதில்லை. தெற்கே நெடுந்தூரம் பஸ்ஸில் போனால் வரும் மலைகளில்தான் பெய்யும். அந்த மலைகளின் சரிவிலே, காலுக்கு ஒன்றாக இரு பலகைகளைப் பூட்டிக்கொண்டு மேலிருந்து கீழாகச் சறுக்கி வருவதை இந்நாட்டவர் ஸ்கீயிங் என்பர். பள்ளிக்கூடங்களே பிள்ளைகளை ஒரு கிழமைக்கு அழைத்துச் செல்கின்றன. பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பயந்து மழையில் நனைய விடாத ஓர் இனத்திற்குப் பிறந்தவன், அவளைப் பனியில் விழுந்தெழும்பப் பெட்டி கட்டி அனுப்புகிறான் என்றால், அவன் எவ்வளவோ மாறிவிட்டான் என்று நீங்கள் எண்ணலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை வீடு கல்யாண வீடு போல இருந்தது. நீளக் கம்பளி உள்ளாடைகள், இரு சோடிக் கையுறைகள், கண்ணுக்குப் போடும் பெரிய கண்ணாடி, விறைத்த பிளாஸ்டிக் சப்பாத்துக்கள் எல்லாம் சாப்பாட்டு மேசையில் பரந்து கிடந்தன. என் மனைவி கல்லுப் போல இறுகும் பொரிவிளாங்காய் உருட்டிக்கொண்டிருந்தாள். "ஒரு கிழமைக்குப் பழுதாகாது. குளிருக்கும் நல்லது" என்று ஒரு பேணியை நீட்டினாள்.

"அம்மா, இதால ஆருக்கும் எறிஞ்சா கேஸ் போடுவினம்" என்றாள் நளா.

"வாய்க்குக் குறைவில்லை. இதென்னது, இந்தச் சின்னக் குப்பி?"

"சிங்க் கிரீம். வெயில் பனியில பட்டுத் தெறிக்கும். மூக்கில பூச வேணும்."

"இஞ்சாருங்கோ, கேட்டீங்களே? நெத்தியில திருநீறு பூசு எண்டா ஓடுறவள், மூக்கில வெள்ளை பூசப் போறாளாம்."

இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இதனை எழுதுகிறேன்.

நளாவுக்கு இது வெறும் உல்லாசப் பயணமன்று. பள்ளிகளுக்கிடையிலான பனிச்சறுக்குப் போட்டிக்கு அவளுடைய பள்ளி நான்கு பெண்களைத் தெரிவு செய்யும். அந்தத் தெரிவு இப்பயணத்தின்போதுதான் நடைபெறும். மேல் குழுவில் சறுக்குபவர்களைப் பார்த்து, விளையாட்டாசிரியை பெயர் கொடுப்பார். பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கான போட்டி அது. நளாவுக்கு இதுவே கடைசி ஆண்டு. நாங்கள் சிட்னிக்கு வந்தபின் கழிந்த குளிர்காலங்களில் அவள் பனியையே காணவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, கதிரையில்லாத இடத்தில் கதிரையில் இருப்பவள் போல இருந்து, தொடைகள் நடுங்கும்வரை தினமும் பயிற்சி செய்வாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: மேல் குழுவில் நின்று தன்னைக் காட்ட ஒரு வாய்ப்பு.

அவளுக்கு இக்கலை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். இந்நாட்டிற்கு நான் முதலில் வந்தது மலைப்பகுதியில் நடந்த ஒரு நீர்மின் திட்டத்திற்குப் பொறியியலாளனாக. கூமா என்ற மலையடிவாரப் பட்டினத்தில் எங்களுக்கு வீடு. அங்கே பனிக்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்கீயிங், நம்மூர்ப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் எப்படியோ அப்படி. ஐரோப்பாவின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்தவர்களுடைய பிள்ளைகளோடு பிள்ளையாக அவளும் ஏறிப் போனாள். ஒருநாள், கழுத்துப் பட்டியும் மேலங்கியுமாக நான் மலையடியில் காத்து நின்றேன். மேலே ஒரு கறுப்புப் புள்ளி தோன்றியது. அது இடமும் வலமுமாக வளைந்து வளைந்து, நான் அதுவரை எந்த மனிதப் பிறவியிடமும் கண்டிராத ஓர் அமைதியோடு இறங்கி வந்து, பனித்தூள் என் சப்பாத்தில் தெறிக்க என் முன்னே நின்றது. கண்ணாடியைக் கழற்றியபோதுதான் அது என் மகள் என்று தெரிந்தது. பக்கத்தில் நின்ற செக் நாட்டுத் தகப்பன் ஒருவர் கைதட்டினார். என் நெஞ்சு நிறைந்தது. நான் சொன்னது இவ்வளவுதான்: "காலுறை நனைஞ்சிருக்கும். போய் மாத்து."

நம்மவர் இதனை விளங்கிக்கொள்வர். பெற்ற பிள்ளையைப் பிறர் முன்னால் மெச்சுவது நம் வழக்கமன்று. நாவூறு படும் என்ற பயம் ஒருபுறம். தற்பெருமைக்காரன் என்ற பெயர் மறுபுறம். பொறியியற் சோதனையில் நான் முதல் வகுப்பில் தேறிய செய்தி வந்த நாளில், வாழ்த்த வந்தவர்களிடம் என் தந்தையார், "என்னவோ ஒரு மாதிரிப் பாஸ் பண்ணிப்போட்டான்" என்றுதான் சொன்னார். வந்தவர்களும் அதை நம்பிவிட்டுப் போகவில்லை. "சும்மா விடுங்கோ, முதல் வகுப்பெல்லோ!" என்று மறுத்து உரைத்தார்கள். பெற்றவன் தாழ்த்த வேண்டும், மற்றவன் உயர்த்த வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அது ஒரு முழுமையான பேச்சு. இந்த இரண்டாம் பாதி எல்லா நாட்டிலும் உண்டு என்று, இத்தனை வருடங்கள் இங்கே வாழ்ந்த பின்பும், நான் ஏனோ நினைத்திருந்தேன்.

பயணத்திற்கு முன்னர் பள்ளியில் பெற்றோர் கூட்டம் ஒன்று நடந்தது. நளாவின் பள்ளியில் இன்னொரு தமிழ்ப் பிள்ளையும் படிக்கிறாள்: சுதா. அவளுடைய தகப்பன் ஆசுபத்திரியில் டொக்டர். சிட்னியில் நம்மவர் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றுள் டொக்டர் வீட்டின் அபிப்பிராயமே ஏனைய வீடுகளின் அபிப்பிராயம். கூட்டத்திற்குப் போகும் வழியில் டொக்டரின் மனைவி என்னிடம், "சிவநாதன் அண்ணை, நான் எங்கட சுதாவை விடுறதே அவள் அழுதபடியால்தான். பொம்பிளைப் பிள்ளையள் காற்சட்டையோட பெடியங்களுக்கு முன்னால மலையில உருளுறது… சீ, எங்கட ஆக்கள் அறிஞ்சா என்ன கதைப்பினம்? உங்கட நளாவும் இப்பதானே புதுசாப் போறா?" என்றார். நான் பொதுவாகத் தலையசைத்தேன். கூமாவில் நளா வெள்ளி தோறும் மலையேறியதை நாங்கள் சிட்னியில் ஒருவருக்கும் சொன்னதில்லை.

விளையாட்டாசிரியை மிஸ் பார்க்கர் இளம் பெண். வெயிலில் சிவந்த முகமும் உரத்த குரலும். எங்களிடம் வந்ததும், "மிஸ்டர் நாதன், நளா எவ்வளவு நன்றாகச் சறுக்குவாள்?" என்று நேரடியாகவே கேட்டார். என் வலப்புறம் டொக்டர், இடப்புறம் அவருடைய மனைவி. நான் என் சிறந்த ஆங்கிலத்தில், கொஞ்சம் பழகியிருக்கிறாள் என்றும், அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்றும், அவள் கற்க வேண்டியது இன்னும் நிறைய உண்டு என்றும் கூறினேன். கூறிவிட்டு, அவர் மறுத்துரைக்கக் காத்திருந்தேன். அவரோ முகம் மலர்ந்து என் கையைக் குலுக்கினார். "உண்மையைச் சொன்னதற்கு நன்றி. இங்கே வரும் ஒவ்வொரு தகப்பனும் தன் பிள்ளையைச் சாம்பியன் என்கிறான். போய்ப் பார்த்தால் நிற்கவே தெரியாது!"

டொக்டர் சிரித்து, "எங்கள் ஆட்கள் பொய் சொல்ல மாட்டார்கள்" என்று ஆங்கிலத்தில் சேர்த்துக்கொண்டார். வெட்கத்தோடு எழுதுகிறேன்: அந்தப் புகழ்ச்சி எனக்கு இனித்தது. வீட்டில் நளா ஓடிவந்து, "மிஸ்ஸிட்டச் சொன்னனீங்களா அப்பா?" என்று கேட்டபோது, "ஓம், எல்லாம் சொன்னனான்" என்றேன்.

மீண்டும் அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மகள் மெழுகு சுரண்டிக்கொண்டிருந்த வேளையில் தொலைபேசி ஒலித்தது. மிஸ் பார்க்கர். நளாவைச் சுதாவுடன் தொடக்கநிலைக் குழுவில் போட்டிருப்பதாகவும், அந்தக் குழுவினருக்கு மலையிலேயே குட்டைப் பலகைகள் தரப்படும் என்றும், வீட்டில் நீளப் பலகைகள் இருந்தாலும் கொண்டுவர வேண்டாம், புதியவர்களுக்கு அவை ஆபத்து என்றும் அன்போடு விளக்கினார். உடுப்புத் தோய்க்கும் அறையிலிருந்து தகடு உராயும் ஓசை எனக்குக் கேட்டது. ஒரு வாக்கியம் போதும். 'நான் அன்று சொன்னது சரியன்று, மிஸ் பார்க்கர்.' பத்துப் பேர் கொண்ட கூட்டத்தில் என் பிழையைத் திருத்தியிருக்கிறேன். வரைபடங்களில் பிறர் விட்ட பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டே காலம் கழித்தவன் நான். ஆயினும், உண்மை பேசுபவன் என்று கை குலுக்கப்பட்டவன், தான் பேசியது உண்மையல்ல என்று எப்படிச் சொல்வான்? "நிச்சயமாக. மிக்க நன்றி" என்று ரிசீவரை வைத்தேன். மலையில் ஏறியதும் ஒரு நிமிடத்தில் அவளுடைய திறமை தானாகவே தெரிந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

"ஆர் அப்பா போன்ல?"

"உங்கட மிஸ். பஸ்ஸில இடமில்லையாம். பலகை அங்கை தருவினமாம். உதைக் கொண்டு வர வேண்டாமாம்."

அவள் தகட்டைக் கீழே வைத்தாள். "எல்லாருக்குமா?"

"ஓம். எல்லாருக்கும்."

"ஓகே" என்றாள். ஆனாலும் பாதியில் விட்ட பலகையை எடுத்து முழுவதும் சுரண்டி, துணியால் மினுக்கி, இரண்டையும் அடிக்கு அடி சேர்த்துக் கட்டிச் சுவரோடு சாத்தினாள். போகாத பலகைக்கு ஏன் இவ்வளவு வேலை என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை விடிகாலை, பள்ளி வாசலில் பஸ் நின்றது. அதன் வயிற்றைத் திறந்து சாரதி பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். பெட்டிகளுக்கு மேலே பலகைகள். சிவப்பும் நீலமுமாக, பிள்ளைகளின் பெயர் ஒட்டிய பலகைகள்.

"அப்பா, ஸ்கீஸ் ஏத்தினம்" என்றாள் நளா மெதுவாக.

நான் கழுத்துப் பட்டியைச் சரிசெய்தேன். "சிலபேருக்கு விட்டிருக்கினம் போல."

மிஸ் பார்க்கர் பத்தடி தூரத்தில் நின்றார். டொக்டரும் மனைவியும் சுதாவின் தொப்பியை இழுத்து இழுத்துக் காதை மூடிக்கொண்டிருந்தார்கள். "நளா அக்காவின்ர கையை விடாதை. அவவும் உன்னைப் போலப் புதுசுதான், ரெண்டு பேரும் ஒண்டா நில்லுங்கோ" என்று டொக்டரின் மனைவி சொன்னார். நளா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சாரதியைப் பார்த்தேன். எல்லாம் அவளுக்கு விளங்கியது அந்தக் கணத்தில்தான். "போட்டு வாறன் அப்பா" என்றாள். சுதாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

அந்தக் கிழமை முழுவதும் நான் கந்தோரில் ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யவில்லை. வானொலி மலைகளில் நல்ல பனி என்று மகிழ்ச்சியோடு அறிவிக்கும் போதெல்லாம் எழுந்து போய் அதனை நிறுத்தினேன். 'ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்' என்ற என் சமாதானத்தையே பற்றிக்கொண்டிருந்தேன். என் மனைவிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. நளா சுவரோடு சாத்திவிட்டுப் போன பலகைகளை அவள் கண்டு, "இவ்வளவு பாடுபட்டிட்டு விட்டிட்டுப் போட்டாளே" என்று மட்டும் வியந்தாள்.

சனி மாலை பஸ் திரும்பியது. மிஸ் பார்க்கர் இறங்கியதும் நேரே என்னிடம் வந்தார். நல்ல வேளையாக டொக்டரும் மனைவியும் இன்னும் வரவில்லை. நளா ஐந்து நாட்களாகக் குழந்தைகளின் சரிவில், குட்டைப் பலகைகளோடு, சுதாவையும் இன்னும் சிலரையும் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அவள் வேகமாகக் கற்றுக்கொள்கிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்களாம். போட்டிக்குரிய நால்வரின் பெயர்களை வெள்ளி காலையில் கொடுத்தாயிற்று. அன்று பிற்பகல், எல்லாருக்கும் விரும்பியபடி சறுக்க அனுமதி கிடைத்தபோது, நளா பயிற்றுநர் ஒருவரிடம் நீளப் பலகைகளை இரவல் வாங்கி, தனியாக உச்சிக்குப் போயிருக்கிறாள்.

"தெரிவான நால்வரும் நின்ற இடத்தைக் கடந்து அவள் இறங்கி வந்தாள், மிஸ்டர் நாதன். அவர்களில் ஒருத்தியாலும் அப்படி இறங்க முடியாது. என்னாலும் முடியாது." அவருடைய குரலில் கோபமில்லை, அது கோபத்தினும் கடினமாக இருந்தது. "ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று கேட்டேன். 'அப்பா உங்களிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார், மிஸ். அவர் சொன்னது பிழை என்று நான் எப்படிச் சொல்வது?' என்றாள். எனக்கு விளங்கவே இல்லை."

எனக்கு விளங்கியது. பெரியவர் சொல்லை மறுத்துப் பேசாதே என்று வளர்த்தவன் நான். தகப்பனின் மானத்தை அவள் ஐந்து நாட்கள் குழந்தைகளின் சரிவில் நின்று காத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் தாய் கேட்டதற்கெல்லாம் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "நல்லா இருந்தது அம்மா. சுதா இப்ப விழாமல் நிக்கிறாள்." என்னை அவள் குற்றம் சாட்டியிருந்தால், தகப்பனாக ஒரு சத்தம் போட்டு நான் தப்பியிருப்பேன்.

திங்கட்கிழமை கந்தோருக்கு விடுப்புச் சொல்லி, பள்ளி முடியும் நேரத்தில் மிஸ் பார்க்கரின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், நான் நின்றுகொண்டேன். என் மகள் மிகச் சிறந்த சறுக்குவீராங்கனை என்றும், அதை நான் நன்றாக அறிவேன் என்றும், அறிந்தே வேறு சொன்னேன் என்றும், தொலைபேசியில் திருத்தியிருக்கலாம், திருத்தவில்லை என்றும் சொன்னேன். ஆங்கிலத்தில் அவை எவ்வளவு இலகுவாக வந்தன என்பதை எண்ண எனக்கே வியப்பாக இருந்தது. மிஸ் பார்க்கர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆனால் ஏன்?"

எங்கள் ஊரில், நான் அப்படிச் சொன்னால் நீங்கள் நம்பியிருக்கக் கூடாது என்று எப்படி விளக்குவது? நம்பியதுதான் உங்கள் பிழை என்றாகிவிடுமே! "அது எங்கள் வழக்கம்" என்றேன். வாயிலிருந்து வந்ததும் அது பாதி உண்மைதான் என்பது எனக்கே கேட்டது. மறுபாதி, அன்று கூட்டத்தில் என் இருபுறமும் நின்ற இருவர்.

"பெயர்கள் போய்விட்டன, மிஸ்டர் நாதன். மாற்ற இயலாது. அடுத்த ஆண்டு…" என்று தொடங்கியவர், நளாவின் வயது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். "மன்னிக்க வேண்டும்" என்றார். அவர் மன்னிப்புக் கேட்டதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பாரமாக இருந்தது.

வெளியே வந்தபோது வாசலில் நளா நின்றாள். என் முகத்தைப் பார்த்துப் புத்தகப் பையை மறுதோளுக்கு மாற்றினாள். அந்நேரம் டொக்டரின் கார் எங்களருகே வந்து நின்றது. மனைவிதான் ஓட்டி வந்திருந்தார். பின் ஆசனத்தில் சுதா கையசைத்தாள். கண்ணாடி இறங்கியது.

"சிவநாதன் அண்ணை! என்ன, நீங்கள் எங்களுக்கு ஒளிச்சுப்போட்டீங்கள்? சுதா சொன்னவள், நளா மலையில இருந்து பறந்து வந்தவவாம். எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நிண்டவையாம். அவ்வளவு கெட்டிக்காரியோ?"

கூட்டத்து இரவிலே மிஸ் பார்க்கரிடம் நான் எதிர்பார்த்து நின்ற பேச்சின் இரண்டாம் பாதி, காலம் பிந்தி, வேறொருவர் வாயிலிருந்து வந்து சேர்ந்தது. என் நாக்கு பழக்கத்தினால் மறுக்க எழுந்ததை உணர்ந்தேன். நளா தரையைப் பார்த்தபடி நின்றாள். நடுத்தெருவில் சட்டையைக் கழற்றுவது போன்ற ஒரு கூச்சத்தோடு, தமிழில், என் வாழ்நாளில் முதன்முறையாக, "ஓம். நல்ல கெட்டிக்காரி. கூமாவிலயே பழகினவள். அவளைப் போலச் சறுக்க இந்தப் பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் இல்லை" என்றேன்.

இப்படியொரு பதிலுக்கு டொக்டரின் மனைவியிடம் மறுமொழி இருக்கவில்லை. அந்த வெளியை நிரப்பியவள் நளா. காதுமடல் வரை சிவந்து, பையின் வாரைத் திருகியபடி, எந்தப் பிசகும் இல்லாத யாழ்ப்பாணத்துத் தமிழில், "இல்லை அன்ரி, அப்பா சும்மா சொல்லுறார்" என்றாள்.

அன்ரி நிம்மதியாகச் சிரித்தார். கண்ணாடி ஏறியது, கார் போய்விட்டது. நாங்கள் ஸ்டேஷனை நோக்கி நடந்தோம். எதிரே, அவளுடைய வகுப்புத் தோழிகள் சிலர் அவளைக் கண்டு தெருவின் மறுகரையிலிருந்து பெயர் சொல்லிக் கூவினார்கள். அவள் ஒரு கையை உயர்த்தி, உரத்த ஆங்கிலத்தில் ஏதோ பகிடி சொன்னாள், அவர்கள் ஆரவாரித்தார்கள். கையைக் கீழே இறக்கியதும், எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவள் வேகத்தைக் குறைத்து, தகப்பனுக்கு ஓரடி பின்னே வந்து நடக்கலானாள். என்னோடு சேர்ந்து நட என்று சொல்லத் திரும்பினேன். நான் நின்றதும், அதே ஓரடி பின்னே அவளும் நின்றாள்.